கடிக்கிற வரப்பு

என் பட்டறைச் சுவரில் ஆணியடித்து ஒரு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். கறுப்பு ஹோல்டர், அதில் நூறு வாட் குண்டு பல்பு, பல்பு உடையாமலிருக்க அதைச் சுற்றி மெல்லிய கம்பியில் பின்னிய கூண்டு, ஹோல்டரிலிருந்து இறங்கும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள், அவற்றின் முனையில் ஒரு விரற்கடைக்குத் தோலுரித்து முறுக்கிய செம்பு. கரண்ட் வேலை செய்கிறவர்கள் இதை டெஸ்ட் லாம்ப் என்போம். ஒரு முனையைக் கரண்ட் வரும் இடத்திலும் மற்றதை அது திரும்பிப் போகும் இடத்திலும் வைத்தால் எரியும். வழி நன்றாயிருந்தால் பளீரென்று எரியும், வழியில் கோளாறு இருந்தால் மங்கும், வழியே இல்லையென்றால் எரியாது. இப்போது எல்லாரிடமும் மீட்டர் இருக்கிறது, என்னிடமே இரண்டு இருக்கிறது. இருந்தும் காலையில் வண்டியை எடுக்கும்போது கை தானாக அந்த ஆணிக்குத்தான் போகிறது. எரிச்சல் என்னவென்றால், அந்தப் பல்பு என்னுடையது இல்லை, என் சகலையுடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அந்தக் கூண்டைப் பார்த்துப் பார்த்து நானும் ஒன்று பின்னினேன். கோழி அடைக்கிற கூடை மாதிரி வந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன்.

பொறாமையை மற்றவர்கள் வேறு பெயர் வைத்துச் சொல்வார்கள். மனஸ்தாபம் என்பார்கள், ஒத்துவரவில்லை என்பார்கள். எனக்கு அந்த நாசூக்கெல்லாம் வராது. எனக்கு அவர்மேல் பொறாமை, வயிற்றெரிச்சல், அவ்வளவுதான். அவர் கல்யாணமான கையோடு கல்ஃபுக்குப் போய்விட்டார். அத்தனை வருஷமும் மாமனார் வீட்டுக்கு வந்து போகிற ஒரே மாப்பிள்ளை நான். ஞாயிற்றுக்கிழமை கொடுவா வாங்கினால் அதன் தலை என் தட்டில்தான் விழும். அவர் திரும்பி வந்த முதல் ஞாயிறு அந்தத் தலை அவர் தட்டுக்குப் போனது. "சின்ன மாப்பிள்ளை இத்தினி வருஷம் நம்ம ஊரு மீனு இல்லாம இருந்தாரு, சாப்புடட்டும்" என்றாள் மாமியார். நியாயம்தான். அடுத்த ஞாயிறும் அங்கேதான் போனது. அவர் அந்தத் தலையில் நல்ல சதையாகப் பிய்த்து என் தட்டில் வைத்து, "நீங்க எடுத்துக்குங்கண்ணே" என்றார். அத்தனை பேர் பார்க்க. என்னால் அதைத் தின்னவும் முடியவில்லை, ஒதுக்கி வைக்கவும் முடியவில்லை. குடிக்க மாட்டார், உரக்கப் பேச மாட்டார், கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு அந்த நாட்டில் அப்படி இந்த நாட்டில் இப்படி என்று அளக்கவும் மாட்டார். குறை சொல்ல ஒரு இடமாவது விட்டு வைத்திருக்கலாம் அந்த மனுஷன்.

வீட்டோடு இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அவரும் நானும் ஒரே தொழில் என்பதுதான் வினையாகிவிட்டது. மரக்காணம் உப்பளங்களில் அதுவரை மோட்டார் என்றால் நான். கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்து வாய்க்கால் வழியாகப் பாத்திகளுக்கு விடுவார்கள். வெயில் அடிக்கிற மாதங்களில் மோட்டார் ஒரு நாள் நின்றாலும் பாத்தி காய்ந்து வெடித்துவிடும். அந்தக் காற்றில் எந்த இரும்பும் நிலைக்காது, செம்பு ஒயர்கூடப் பச்சை பூத்து மாவாக உதிரும். அதனால் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. என் பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. "மோட்டார்காரர எங்க காணோம்" என்றுதான் தேடுவார்கள். அப்படித் தேடுவதைக் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது.

அந்தப் பேருக்கு மகுடம் வைத்தது ஒரு பங்குனி மாதத்து வேலை. என் மனைவி உப்பு வாருகிற அளத்தில், கம்பத்திலிருந்து மோட்டார் கொட்டகைக்கு வரும் இரண்டு ஒயரில் நியூட்ரல் ஒயர் உப்பரித்து அறுந்துவிட்டது. கரண்ட் வருகிற ஒயர் பேஸ், வேலையை முடித்துவிட்டு அது திரும்பிப் போகிற ஒயர் நியூட்ரல். திரும்புகிற வழி அறுந்தால் வருகிற வழியும் செத்ததுதான். வட்டம் மூடினால்தான் ஓட்டம். புது ஒயர் திண்டிவனத்திலிருந்து வர மறுநாளாகும். அளக்காரர், அதாவது அளத்தின் முதலாளி, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டிரான்ஸ்பார்மர் இருக்கிற இடத்தில் நியூட்ரலைப் பூமியோடு சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள். அப்படியானால் பூமியே திரும்புகிற வழியாக இருந்துவிட்டுப் போகட்டும். உப்பில்லாத தோட்டக்கால் ஊர்களில் இதைச் செய்தால் பல்பு தூங்கி வழியும், மோட்டார் அசையாது. எங்கள் சேறு அப்படியில்லை, எத்தனை அடி தோண்டினாலும் உப்புத் தண்ணீர் ஊறிய சேறு. பழைய இரும்புக் கடையில் படகு நங்கூரம் ஒன்று கிடந்தது. நாலு கொக்கியில் ஒன்று உடைந்து மூன்று மிச்சம். அதைக் கொட்டகைக்குப் பத்தடி தள்ளி வாய்க்கால் வரப்பில், கொக்கிகள் மேலே இருக்கும்படி ஆழப் புதைத்து, மோட்டாரின் திரும்புகிற ஒயரை அதன் தண்டில் முறுக்கி, மண்ணைத் தள்ளி மூடினேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அளக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மண்ணையே ஒயரா ஆக்கிட்டியேப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்து நான் இரண்டு வருஷம் சாப்பிட்டேன்.

இரண்டு நாளைக்குத்தான் என்று நினைத்துச் செய்த வேலை அது. புது ஒயர் வந்தது, மூலையில் சுருட்டிக் கிடந்தது. பக்கத்து அளக்காரர்களைக் கூட்டி வந்து அவர் அந்த வரப்பைக் காட்டிப் பெருமையடிக்கும்போது, நான் எப்படி அதைத் தோண்டி எடுத்துவிட்டுச் சாதாரண ஒயரை இழுப்பேன்? விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் என் மனைவி சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள்: "அந்த வாய்க்கா வரப்புல காலு வச்சா சுருக்குன்னு கடிக்குதுங்க." நான் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "கால்ல வெடிப்பு இருக்குது, உப்பு ஏறுது, அதான்" என்றேன். எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். நங்கூரத்தை உப்பு தின்றுகொண்டிருந்தது. இரும்பு துருவேறித் துருவேறிச் சேற்றோடு அதற்கிருந்த பிடிப்பு தளர, கரண்ட் லேசில் பூமிக்குள் இறங்க முடியாமல் சுற்றிலும் இருக்கிற சேற்றின் மேல் பரவியிருக்கும். நங்கூரத்துக்குக் கிட்டே ஒரு காலும் எட்ட ஒரு காலும் வைத்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். எறும்பு கடிக்கிற அளவுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செருப்பில்லாத, பாளம் பாளமாக வெடித்த அவள் காலைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மழையில் வரப்பு கரைந்து மூன்று கொக்கி முனைகளும் துருச் சிவப்பாக வெளியே தெரிந்தன. அங்கே வேலை செய்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர். காலைக் கடிக்கிற இடம், அந்த இடத்திலேயே மண்ணுக்குள்ளிருந்து மூன்று முனை. அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? சூலம் தானாக முளைத்திருக்கிறது என்றார்கள். மறு வாரமே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம் குத்திவிட்டார்கள். தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்றது என்று ஒருத்தி சொல்ல, அது அருள் என்று முடிவாயிற்று. முதலில் கடிபட்டவள் என்பதால் என் மனைவிதான் பூசாரி. வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டிவிட்டு வந்து என் நெற்றியில் குங்குமம் வைப்பாள். இந்தக் கையால் அந்த நங்கூரத்தைப் புதைத்தவன், பேசாமல் நெற்றியைக் காட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

இந்தச் சமயத்தில்தான் சகலை கல்ஃபிலிருந்து வந்து சேர்ந்தார். வந்த இரண்டே மாதத்தில் அளக்காரர் அவரைக் கூப்பிட்டுக் கொட்டகைக்குப் புதுசாக ஒயர் இழுக்கச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வெளிநாட்டுல வேல பாத்தவரு, புது மாதிரி செய்வாரு" என்று மட்டும் சொன்னார். நான் மோட்டாருக்கு கிரீஸ் போடுகிற சாக்கில் போய் நின்று பார்த்தேன். ஒயரைப் பிடிக்கிற கையில் ஒரு பதற்றமில்லை. மத்தியானம் டீ வந்தபோது பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, கரண்ட் என்றால் என்ன என்று கேட்டார்கள். இருபது வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருப்பார்கள், "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்றிருப்பேன்.

அவர் இந்தப் பல்பை எடுத்தார். ஒரு பிளாஸ்டிக் மக்கில் குடிதண்ணீரை ஊற்றி, கரண்ட் பல்பு வழியாக வந்து அந்தத் தண்ணீரைக் கடந்துதான் திரும்பிப் போக வேண்டும் என்கிற மாதிரி இரண்டு ஒயர் முனைகளைத் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, யாரும் கிட்ட வராதீர்கள் என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். பல்பினுள்ளே சிவப்பாக ஒரு நூல் மாதிரி தெரிந்தது. சுவிட்சை அணைத்தார். என் மனைவியின் கூடையிலிருந்து ஒரு பிடி உப்பை வாங்கி மக்கில் போட்டுக் குச்சியால் கலக்கிவிட்டு மறுபடி போட்டார். பல்பு பளீரென்று எரிந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பு கிணற்றடி வரைக்கும் கேட்டது. "உப்பு தண்ணியில கரையும்போது ரெண்டு கட்சியா பிரிஞ்சிடும்" என்றார். "ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். கரண்டைக் குடுத்தா ஒரு கட்சி இந்தப் பக்கம் ஓடும், ஒரு கட்சி அந்தப் பக்கம் ஓடும். அந்த ஓட்டந்தான் பல்பை எரிய வைக்குது. வெறுந்தண்ணியில ஓடுறதுக்கு ஆளு கம்மி, அதான் மங்குது." இதை நான் ஐடிஐயில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். அதே உப்பில் தினமும் நடந்தும் இருக்கிறேன். இப்படி ஒரு மக்குத் தண்ணீரில் அதை யாருக்காவது காட்ட எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. என் மனைவி கேட்டாள்: "அப்போ நாங்க நிக்கிற சேத்துலயும் அது ஓடுமா தம்பி?" அவர் ஒரு கண நேரம் என்னைப் பார்த்தார். "ஓடும் அண்ணி. வழி கெடைச்சா ஓடும்" என்றார்.

புது ஒயரோடு ஒரு சின்னப் பெட்டியும் மாட்டினார். டிரிப்பர் என்பார்கள். போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போன அளவு திரும்பி வராவிட்டால், நடுவழியில் எங்கோ ஒழுகுகிறது, யார் உடம்பிலோகூட ஒழுகலாம் என்று எண்ணி, கண் மூடித் திறப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். மோட்டாரைப் போட்டார், பெட்டியின் சுவிட்ச் படக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டுப் போட்டார், மறுபடியும் படக். என்னுடைய நங்கூரம்தான் காரணம். அவர் கொட்டகை வரைக்கும் புது நியூட்ரல் இழுத்திருந்தார். மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளே திரும்புகிற ஒயர் இன்னும் என் வரப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. போன கரண்ட் அவர் பெட்டி வழியாகத் திரும்பவே இல்லை.

அந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவர் திறக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருத்தர் கட்டிய பெட்டியை அவர் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, அவரைக் கேட்காமல் இன்னொருத்தர் திறக்க மாட்டார். அதிலும் நான் மூத்த மாப்பிள்ளை. என்னிடம் வந்து, "அண்ணே, அந்தப் பெட்டிய ஒருதரம் தொறந்து பாத்துடலாங்களா? நீங்களே தொறந்தாக்கூட நல்லது" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டே, "அதுல ஒண்ணுமில்ல. நான் நேத்துதான் பாத்தேன். உன் பெட்டிதான் கோளாறு" என்றேன். சரிண்ணே என்று போய்விட்டார். மறுநாளும் வந்து அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோது நான் கிணற்றுப் பக்கம் போய்விட்டேன்.

சும்மாவும் இருக்கவில்லை. அவர் மாட்டிய பெட்டிக்குத் தும்மல் பெட்டி என்று பெயர் வைத்தேன். மோட்டாரைப் போட்டால் தும்முகிறது என்று டீக்கடையில் சொன்னேன், அனுமந்தை வரைக்கும் பெயர் போய்விட்டது. வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு வேடிக்கைக்கு அத்தனை பேர் சிரித்தது அது ஒன்றுக்குத்தான். பாத்தி காய்கிறது என்று அளக்காரர் கத்த, சகலையே அதைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். சுற்றுவட்டார அளங்கள் எல்லாவற்றுக்கும் அவரே வேலை செய்வதாகப் பேச்சு இருந்தது, அதுவும் நின்று போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கொடுவாத் தலை என் தட்டுக்குத் திரும்பி வந்தது. நான் அதை எலும்பு எலும்பாகச் சப்பிச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறமும் வெள்ளிக்கிழமைதோறும் அவர் அளத்துக்கு வருவார். வேலையில்லாத மனுஷனுக்கு அங்கே என்ன இருக்கிறது? வரப்புக்குப் போக மாட்டார், கும்பிட மாட்டார், பூஜை முடிகிற வரைக்கும் கொட்டகை வாசலிலேயே நிற்பார். பெண்கள் முதல் பொங்கலை வாழையிலையில் வைத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். என் மனைவியே கொடுப்பாள். பொம்பளைகளிடம் நல்ல பேர் வாங்கத்தான் வருகிறார் என்று நினைத்து, தூரத்தில் பாத்தி ஓரமாக நின்று பொருமுவேன். பூஜை நேரத்தில் தவறாமல் மோட்டார் நின்றுவிடும். வெள்ளிக்கிழமையானால் கரண்ட் போய்விடுகிறது, அம்மனுக்குச் சத்தம் பிடிக்கவில்லை போல என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். இன்னொரு கட்டுப்பாடும் எப்படியோ வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பூஜை நேரம் தவிர வேறெப்போதும் சூலத்தைத் தொடக் கூடாது, ஒரு பாய் தூரம் தள்ளியே நடக்க வேண்டும். என் மனைவியின் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். இருபது வருஷம் கரண்டில் வேலை செய்கிறவன், இத்தனையையும் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பொறாமைப்படுகிறவனுக்குக் கண்ணெல்லாம் பொங்கல் இலைமேல்தான் இருக்கும்.

ஆடி மாதம் மூன்றாவது வெள்ளி. அன்று காலை நான் எக்கியார்குப்பத்தில் ஒரு ஐஸ் பெட்டி வேலையில் இருந்தேன். அங்கே மீன் வாங்க வந்த பக்கத்து அளத்துப் பெண் போகிற போக்கில் சொன்னாள்: "இன்னிக்கு உங்க வீட்டுக்காரம்மாதான் சூலத்தைப் பிடுங்குறாங்களாமே. மேடை கட்டி அதுல நட்டு வைக்கப்போறாங்க." கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்தேன். நங்கூரம் சேற்றுக்குள் இருக்கிற வரைக்கும் அது எறும்புக் கடி. மோட்டார் ஓடும்போது அதைச் சேற்றிலிருந்து வெளியே எடுத்தால், வழி அறுந்த அத்தனை கரண்டும் எடுக்கிற ஆளின் உடம்பு வழியாகத்தான் பூமிக்கு இறங்கும். ஈரக் கை, வெறுங்கால், உப்புச் சேறு. பல்பு எப்படி எரிந்தது என்று நானே பார்த்தேனே.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பாதி தூரம் வரை, உண்மையைச் சொல்லாமல் அவளை நிறுத்த ஒரு பொய் தேடிக்கொண்டுதான் போனேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா, நேரம் சரியில்லை என்று சொல்லலாமா என்றெல்லாம். அளத்துக்குள் வண்டி நுழைந்தபோது, தலையோடு நனைந்த மஞ்சள் புடவையில் அவள் வரப்பில் குனிந்து, இரண்டு கையாலும் கொக்கிகளைப் பிடித்திருந்தாள். பொய்யெல்லாம் எங்கோ போய்விட்டது. "விடு அதை. அது அம்மன் இல்ல, நான் புதைச்ச நங்கூரம். கரண்ட் இருக்குது, கையை எடு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் வண்டி இரைந்த இரைச்சலில் மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவுமில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இழுத்தாள். பாதி தின்று போன நங்கூரம் சேற்றோடு வெளியே வந்தது, அதன் தண்டில் முறுக்கிய கறுப்பு ஒயரும் பின்னாலேயே நீளமாக வந்தது. அந்த ஒயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கொட்டகை வரைக்கும் எழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கொட்டகை வாசலில் சகலை நின்றிருந்தார். அவர் கையில் ஃபியூஸ் கட்டை இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டால் உள்ளே கரண்ட் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் அங்கே வந்து அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்று, பூஜை முடிந்ததும் மாட்டிவிட்டு, பொங்கலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை தவிர தொடக் கூடாது என்ற கட்டுப்பாடும் அவர் காரணம் சொல்லாமல் என் மனைவியிடம் சொல்லி வைத்ததுதான்.

என் மனைவி நங்கூரத்தை வரப்பில் சாய்த்து வைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள். கட்டிய நாளிலிருந்து என்னை நீ என்று சொல்லாதவள், அன்று சொன்னாள்: "அப்போ இத்தினி நாளா என் காலைக் கடிச்சது நீதானா?"

சகலை கிட்டே வந்து சமாதானமாக, "அண்ணே தொறப்பாருன்னுதான் பாத்துக்கினு இருந்தேன் அண்ணி. அவரு கட்டுன பெட்டிய நான் போயி..." என்று ஆரம்பித்தார். அவள் அவரையும் விடவில்லை. "உனக்கும் தெரியும். மொத நாளே தெரியும். வெள்ளிக்கெழமை மட்டுந்தான் நாங்க மனுசங்களா? மத்த நாளு கடிச்சா பரவாயில்லையா? ரெண்டு மாப்பிள்ளைங்களும் ஒருத்தருக்கொருத்தர் மரியாத பாத்துக்கினீங்க, நடுவுல எங்க காலு." அவர் தலை குனிந்து நின்றார். அன்று அவர் முகம் தொங்கியதைப் பார்த்தபோது, அந்த நிலைமையிலும், எனக்குள் ஒரு ஓரத்தில் குளிர்ந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது.

அன்றைக்கே நான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். திரும்புகிற ஒயரை அவர் இழுத்த நியூட்ரலில் மாட்டினேன். அவர் அட்டைப் பெட்டியிலிருந்து அந்த டிரிப்பரை எடுத்து வந்து மாட்டினார். மோட்டாரைப் போட்டோம், பெட்டி விழவில்லை. நங்கூரத்தைப் பெண்கள் தூக்கிப் போடவில்லை. ஒயரை மட்டும் என்னை வெட்டச் சொல்லிவிட்டு, கட்டின மேடையில் அதை நட்டுவிட்டார்கள். யார் புதைத்ததாக இருந்தால் என்ன, இத்தனை பேரைக் காப்பாற்றித்தானே விட்டிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. என் மனைவி நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு பலமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன், அந்த ஒயர் வெளியே வருவதற்கு முன்னாலேயே நான் உண்மையைக் கத்திவிட்டேன் என்று. "ஆமா, கத்துனீங்க" என்பாள். என் ஆயுசில் நான் துணிந்து செய்த காரியம் அது ஒன்றுதான். அதையும் அந்த ஆள் ஒரு ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாரே என்று இன்றைக்கும் நினைத்தால் ஆற மாட்டேனென்கிறது.

அவர் அடுத்த தையில் திரும்பவும் கல்ஃபுக்குப் போய்விட்டார். போகும்போது இந்தப் பல்பை என் பட்டறையில் வைத்து, "வச்சிக்குங்கண்ணே" என்றார். இப்போது இந்தப் பக்கத்து அளங்கள் எல்லாவற்றிலும் டிரிப்பர் இருக்கிறது, பெரும்பாலும் நான் மாட்டியவை. அந்தப் பெட்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேஸில் வைத்து, கைபடாமல் மறுமுனையைச் சேற்றில் வைத்தால், பல்பு ஒருமுறை கண் சிமிட்டும். அதே நொடியில் பெட்டி படக்கென்று விழ வேண்டும். காலையில் என் மனைவியும் மற்ற பெண்களும் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு பாத்தி ஓரத்தில் நிற்பார்கள். "பெட்டி தும்மிடுச்சா?" என்று கேட்பார்கள். கேலிக்காக நான் வைத்த பெயர், அதைத்தான் இப்போது தினமும் என்னிடமே கேட்கிறார்கள். நான் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாயிருக்கிறது என்று சொன்னால் என் மனைவி அசைய மாட்டாள். அந்தப் பல்பு சிமிட்டி, அந்தப் படக் அவள் காதில் விழுந்த பிறகுதான் காலைச் சேற்றில் வைப்பாள். என் வார்த்தைக்கு இல்லாத மதிப்பு அவர் விட்டுவிட்டுப் போன ஒரு பல்புக்கு இருக்கிறது. அதனால்தான் தினமும் அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.

போன வாரம் அவர் போனில் கூப்பிட்டார். வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டு, "அண்ணே, அந்தப் பல்பு இன்னும் எரியுதா?" என்றார். "அது எப்பவோ ஃபியூஸ் போயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, தெரியும். என் மனைவி மீன் அரிந்துகொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டு வந்து போனை என்னிடமிருந்து வாங்கினாள். "இவரு சொல்றத நம்பாத தம்பி. நல்லா எரியுது. காலையில எடுத்துக்கினு போறாரு, சாயங்காலம் வந்து தொடச்சி மாட்டுறாரு" என்றாள். நான் பட்டறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆணியில் பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. கூண்டில் ஒரு பொட்டு உப்பில்லை, சற்று முன்தான் துடைத்து மாட்டியிருந்தேன்.